கம்மி: எங்கே குறைவு, எங்கே பற்றாக்குறை?

போன வெள்ளிக்கிழமை மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் பூ வாங்கினேன். "என்னம்மா, மொழம் கம்மியா இருக்கே" என்றேன். "என் கை நீளம் அவ்ளோதாங்க்கா" என்று முழங்கையை நீட்டிக் காட்டினார் பூக்காரம்மா. நாற்பது ரூபாயை நீட்டியதும், "பத்து ரூபா கொறையுதுக்கா" என்றார். வீட்டுக்கு வந்து சாமி படங்களுக்குச் சாத்தினால் கடைசிப் படத்துக்குப் பூ பத்தல. ஒரே பூவுக்குள் மூன்று சொற்கள்.

இவற்றில் கம்மி மட்டும் வெளியிலிருந்து வந்தது. பாரசீகத்தில் 'கம்' என்றால் குறைவான. 'கமீ' என்றால் குறைவு. உருது வழியாக நம்மிடம் வந்தபோது மெய் இரட்டித்துக் கம்மி ஆயிற்று. பாக்கி, வசூல், ஜாஸ்தி எல்லாம் இதே வழியில் வந்து சேர்ந்தவைதான். ஆற்காட்டு நவாபுகள் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி வாழ்ந்த ஊர் இது. கணக்கும் வரியும் பேசிய சொற்கள் கடைத்தெருவுக்கு வந்ததில் வியப்பில்லை. (பழந்தமிழில் வரும் கம்மியர், அதாவது கைவினைஞர், என்ற சொல்லுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. அது வேறு வேர்.)

கம்மிக்கு நேர்ச் சொல் எது என்று கேட்டால் உடனே 'குறைவு' என்பார்கள். விலை கம்மி, கூட்டம் கம்மி என்னும்போது அது பொருந்தும். குழம்பில் உப்பு கம்மி என்றால் 'குறைச்சல்' இன்னும் இயல்பு. ஆனால் இவ்வளவு வேண்டும், இவ்வளவுதான் இருக்கிறது என்று ஒரு தேவையை வைத்து அளக்கும்போது குறைவு என்பது போதாது. அங்கே வேண்டியது பற்றாக்குறை.

இதைச் செய்தித்தாள் தமிழ் என்று ஒதுக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது. பற்று என்ற வினைக்குப் போதுமானதாக இருத்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. காற்று காத்து ஆனது போல, பற்றவில்லை என்பதுதான் நம் வாயில் பத்தல ஆகிறது. அந்தப் பற்றாத குறையே பற்றாக்குறை. 'போதாக்குறைக்கு' என்று தினமும் சொல்கிறோமே, அதுவும் இதே அச்சு. இலக்கணத்தில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதாவது 'பற்றாத' என்பதன் கடைசி எழுத்து விழுந்து 'பற்றா' என நிற்பது. அதன் பின் வல்லினம் மிகும். ஆகவே 'பற்றாகுறை' என்று ஒற்றில்லாமல் எழுதுவது பிழை.

வரவு செலவில் 'துண்டு விழுகிறது' என்பதும் இதே பொருள்தான். வீட்டுக் கணக்குக்கு அதைவிட அழகான சொல் கிடையாது. தட்டுப்பாடு சற்றே வேறு: பொருள் சந்தையில் கிடைக்காமல் திண்டாடுவது.

2019 கோடையில் சென்னையில் இரண்டும் சேர்ந்தே வந்தன. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் வழங்கிய குடிநீர் வாரியம் 52.5 கோடிக்கு இறங்கியது. இடையில் விட்டுப்போன 30.5 கோடி லிட்டர், அது பற்றாக்குறை. லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோமே, அது தட்டுப்பாடு. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அன்று எங்கள் தெருக்குழாயில் குடத்தோடு நின்ற யாரும் கம்மி என்று சொல்லவில்லை. பத்தல என்றுதான் சொன்னார்கள்.