“அதான் மெஷின் பாத்துக்குமே, டாக்டர்!”

டைப் 1 சர்க்கரை நோய், உடம்பு தானாக இன்சுலின் சுரக்காது என்பதால் இன்சுலின் பம்ப் மாட்டியிருந்த பையன். அவன் வயிற்றில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நர்ஸ் உரித்து என் கையில் கொடுத்தார். தோலுக்கடியில் இறங்கியிருக்க வேண்டிய கேனுலா என்ற மெல்லிய குழாய், நீளம் 6 மில்லிமீட்டர்தான், ‘ட’ எழுத்தைப் போல மடங்கிக் கிடந்தது. இன்சுலின் உள்ளே போக வழியே இல்லை. பிளாஸ்டரும் குழாயும் சேர்ந்த அந்த செட் முந்தைய நாள் மாலை மாட்டியது. மறுநாள் காலை, வாந்தியும் வயிற்று வலியும் மூச்சு வாங்கலுமாக அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோன் 4.8. வீட்டில் அஜீரணம் என்று நினைத்து வாந்தி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

இரவெல்லாம் பம்ப் அலாரம் அடித்திருக்கிறது. அவனும் தூக்கக் கலக்கத்தில் எழுந்து பார்த்து, சர்க்கரை 300ஐத் தாண்டிவிட்டதே என்று அதே பம்ப்பில் இன்னும் கொஞ்சம் இன்சுலின் தட்டிவிட்டுப் படுத்திருக்கிறான். இரண்டு முறை. மடங்கிய குழாயில் எத்தனை யூனிட் தட்டினால் என்ன?

“ஆட்டோ மோட்லதானே இருந்துச்சு? மெஷின் பாத்துக்கும்னுதானே வாங்கினோம், டாக்டர்?” அம்மாவின் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் இந்த வருடத்தில் எனக்கு இது நான்காவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. நான் இந்தக் கருவிக்கு எதிரி இல்லை. டைப் 1 குழந்தைகளின் பெற்றோர் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து விரலில் குத்திப் பார்த்த காலத்தைப் பார்த்தவன். இப்போது ஆட்டோ மோடில், உடம்பில் ஒட்டிய சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங் அனுப்ப, அதை வைத்து மென்பொருள் கணக்குப் போட, பம்ப் இன்சுலினைக் கூட்டிக் குறைக்க, அந்தப் பெற்றோர் விடியும் வரை தூங்குகிறார்கள். கம்பெனிகள் தாமதிக்கின்றன என்று பொறுமை இழந்து, “காத்திருக்க மாட்டோம்” என்று 2013இல் முழக்கம் வைத்து, தாங்களே மென்பொருள் எழுதிக்கொண்ட நோயாளிகளும் பெற்றோரும் உண்டு. அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

என் சண்டை இதற்கு வைத்த ‘செயற்கைக் கணையம்’ என்ற பெயரோடுதான். செயற்கைப் பல் கட்டினால் மெல்லலாம், செயற்கை மூட்டு வைத்தால் நடக்கலாம். அதே கணக்கில் செயற்கைக் கணையம் மாட்டினால் சர்க்கரையை மறந்துவிடலாம் என்று ஜனங்கள் நினைப்பதில் தப்பே இல்லை. தப்பு பெயர் வைத்தவர்கள் பேரில். 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த முதல் கருவியான மினிமெட் 670ஜி-யைச் செய்தியெல்லாம் செயற்கைக் கணையம் என்றே கொண்டாடின. முறையான பெயரில் ‘ஹைப்ரிட்’ என்று ஒரு சொல் உண்டு. பாதி அதன் வேலை, பாதி உங்கள் வேலை என்று அர்த்தம். அந்தச் சொல்லை யாரும் படிப்பதில்லை.

நிஜக் கணையம் ரத்தத்திலேயே குளுக்கோஸைப் பார்க்கிறது. சென்சார் பார்ப்பது தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரில். சர்க்கரை வேகமாக ஏறும்போதோ இறங்கும்போதோ அந்த ரீடிங் பத்து நிமிடம் பின்தங்கியிருக்கலாம். நிஜக் கணையம் சுரக்கும் இன்சுலின் நேராகக் கல்லீரலுக்குப் போய் உடனே வேலையைத் தொடங்குகிறது. பம்ப் விடும் வேக இன்சுலின் கொழுப்பில் ஊறி, ரத்தத்தில் கலந்து, முழு பலம் காட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடங்க மூன்று, நான்கு மணி நேரம். சர்க்கரை இறங்கினால் ஏற்றிவிட நிஜக் கணையத்திடம் குளுகாகன் என்ற ஹார்மோன் இருக்கிறது. பம்ப்பால் முடிந்ததெல்லாம் இன்சுலினை நிறுத்துவது மட்டும். உள்ளே போன இன்சுலினைத் திரும்ப உறிஞ்ச அதற்கு வழி கிடையாது.

சாப்பாட்டு இன்சுலினை நீங்கள்தான் போட வேண்டும் என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துவது இதனால்தான். சாப்பிட உட்காருவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு. “புதுசா வந்ததுல அதுவும் வேண்டாமாமே?” என்று உடனே கேட்பார்கள். 2023இல் அனுமதி பெற்ற ஐலெட் என்ற கருவியைச் சொல்கிறார்கள். அதில் மாவுச்சத்தைக் கிராம் கணக்கில் எண்ண வேண்டாம், உண்மை. ஆனால் சாப்பிடப் போகிறேன், வழக்கமான அளவா, கூடவா, குறைவா என்று அதற்கும் சொல்லியாக வேண்டும். உங்கள் தட்டில் என்ன இருக்கிறதென்று எந்த மெஷினுக்கும் தெரியாது.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, ‘அடடா, போட மறந்துட்டேனே’ என்று முழு டோஸையும் போடாதீர்கள். சர்க்கரை ஏறுவதைப் பார்த்து மெஷின் ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் லோ, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது, நிச்சயம். இவ்வளவு தாமதமானால் என்ன செய்வது, பாதி போடுவதா, விட்டுவிடுவதா என்பதை உங்கள் கருவியை வைத்து உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லோ ஆனாலும் இதே கதைதான். ஊசி போட்ட காலத்துப் பழக்கத்தில் கிடைத்த இனிப்பையெல்லாம் வாயில் போடுகிறார்கள். 70க்குக் கீழே இறங்குவதற்கு வெகு முன்பே பம்ப் இன்சுலினைக் குறைத்திருக்கும். அதனால் பழைய 15 கிராமுக்குப் பதில் பலருக்கு 5 முதல் 10 கிராம் குளுக்கோஸே போதும். அள்ளித் தின்றால் சர்க்கரை 250க்கு ஏறும், மெஷின் பதறிப்போய் இன்சுலினைக் கொட்டும், மறுபடி லோ. கிராஃப் மலைத்தொடர் மாதிரி இருக்கும். பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவோம், மறைக்காதீர்கள். ராத்திரியில் மட்டும் திடீரென்று லோ அலாரம் அடித்து, ஆள் தெளிவாக இருந்தால், சென்சார் மேல் புரண்டு படுத்தீர்களா என்று பாருங்கள். அழுத்தினால் ரீடிங் பொய்யாக இறங்கும். விரலில் குத்திச் சரிபாருங்கள்.

இந்த விஷயத்தில் ஸ்மார்ட் வாட்ச், மோதிரம் எதையும் நம்பாதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் வாட்ச் எதற்கும் அனுமதி தரவில்லை என்று எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்ட ஒருவரை நினைவு திரும்பும் வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

மடங்கிய குழாய்க்கு வருகிறேன். பம்ப்பில் இருப்பது வேக இன்சுலின் மட்டும். பழையபடி ராத்திரிக்கு ஒரு நீண்ட நேர ஊசி போட்டிருந்தால் உடம்பில் ஒரு இருப்பு இருக்கும், இதில் அது கிடையாது. டைப் 1 ஆளுக்குக் குழாய் அடைத்தால் நாலைந்து மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கும். அழுத்தம் கூடினால் ‘அடைப்பு’ என்று பம்ப் கத்தும், அதுவும் சில சமயம் மணிக்கணக்கில் தாமதமாக. இன்சுலின் தோலுக்கு வெளியே கசிந்துகொண்டிருந்தால் கத்தவே கத்தாது. கொடுத்துவிட்டதாகவே கணக்கு எழுதிக்கொள்ளும். பிளாஸ்டர் ஈரமாக இருந்தாலோ இன்சுலின் வாசனை அடித்தாலோ சந்தேகப்படுங்கள்.

சர்க்கரை 250க்கு மேலேயே நிற்கிறது, பம்ப்பில் போட்டும் ஒரு மணி நேரமாக இறங்கவில்லை என்றால் இரண்டாவது முறை பம்ப்பில் போடாதீர்கள். கீட்டோன் பாருங்கள். 0.6ஐத் தாண்டியிருந்தால் இன்சுலினைப் பேனா ஊசியில் போடுங்கள், செட்டை மாற்றுங்கள். இந்த வரிசையில். பேனாவில் போட்டது மெஷினுக்குத் தெரியாது, அதன் மேல் அதுவும் கொடுக்கும். எத்தனை மணி நேரம் ஆட்டோ மோடை நிறுத்த வேண்டும் என்று முன்பே கேட்டு வையுங்கள். கீட்டோன் 1.5 என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 3 என்றாலோ, வாந்தி இருந்தாலோ யாரையும் கூப்பிட்டுக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு. செட்டைப் படுக்கப் போகும் நேரத்தில் மாற்றாதீர்கள், தயவுசெய்து. மாற்றிய பிறகு இரண்டு மணி நேரமாவது விழித்திருந்து சர்க்கரை எப்படிப் போகிறதென்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

அந்தப் பையன் போன வாரம் வந்தான். சர்க்கரை 70க்கும் 180க்கும் நடுவே இருந்த நேரம் 74 சதவீதம். 70 சதவீதம் தாண்டினாலே நாங்கள் சந்தோஷப்படுவோம். “பையைத் திற தம்பி” என்றேன். குளுக்கோமீட்டர், கீட்டோன் ஸ்ட்ரிப், மாற்று செட், குளுக்கோஸ் மாத்திரை எல்லாம் வரிசையாக எடுத்து மேசையில் வைத்தான். கடைசியாக, முகமெல்லாம் சிரிப்பாக, இன்சுலின் பேனா. வாங்கித் திருப்பிப் பார்த்தேன். காலாவதியாகி பதினான்கு மாதம்.