குளிர் ஊரில் என்ஜின் சூடாகாது என்று யார் சொன்னது?

நேற்று சாயங்காலம் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் நின்றுபோன ஒரு வேகன்ஆர் காரை எங்கள் கராஜுக்குக் கட்டி இழுத்து வந்தோம். இந்த மாதத்தில் இது நாலாவது, நாலும் ஒரே கதை. அதனால்தான் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கொழும்புப் பக்கமிருந்து பிள்ளைகளோடு நுவரெலியா பார்க்க வந்த ஒருவர். கினிகத்தேனை ஏற்றத்திலேயே வண்டிக்கு இழுவை குறைந்திருக்கிறது, ஏசியை அணைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார். ஹட்டனில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோது பொனட் பக்கமிருந்து இனிப்பாக ஒரு வாடை வந்ததாம் (ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் திரவம் கசிகிற வாடை), அதையும் விட்டுவிட்டார். தலவாக்கலை தாண்டியதும் எவ்வளவு மிதித்தாலும் ஏறவில்லை, அப்புறம் நின்றே போனது. வழியில் வந்த யாரோ "பெட்டரி வீக்" என்று சொல்ல, ஒரு வேனிலிருந்து வயர் கொடுத்துப் பத்து இருபது தடவை ஸ்டார்ட் அடித்திருக்கிறார்கள். அதுவும் சரிவரவில்லை என்று ரோட்டோரப் பீலியில் போத்தலில் தண்ணீர் பிடித்து, கொதித்துக்கொண்டிருந்த என்ஜினுக்கு அப்படியே ஊற்றியிருக்கிறார்கள்.

"ஹட்டனிலேயே யாரிடமாவது காட்டியிருக்கலாமே ஐயா" என்று கேட்டேன். "இந்தக் குளிர்ல எப்படி பாஸ் என்ஜின் சூடாகும்?" என்றார்.

இந்த ஒரு கேள்வியை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். உங்களுக்குக் குளிர்கிறது என்பதால் என்ஜினுக்குக் குளிராது. உள்ளே பெட்ரோல் எரிகிறது, வெளியே 15 பாகையா 30 பாகையா என்பது அதற்குப் பெரிய விஷயமே இல்லை. ஏற்றத்தில் முதலாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் மிதித்துக்கொண்டே போகிறீர்கள், ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், வேகமோ மணிக்கு 20, 25. என்ஜின் தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டருக்குள் காற்று எங்கிருந்து வரும்? சமதரையில் 60ல் ஓடும்போது வருகிற காற்றில் பாதிகூட வராது.

இன்னொன்று, இதை யாருமே யோசிப்பதில்லை. மேலே ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர், 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். உங்கள் என்ஜின் ஒழுங்காக ஓடும்போதே அதன் தண்ணீர் 90 பாகை அளவில்தான் இருக்கிறது. அப்படியானால் எல்லா வண்டியும் ஏன் கொதிக்கவில்லை? ரேடியேட்டர் மூடிதான் காரணம். அதன் மேலே 0.9 அல்லது 1.1 என்று ஒரு இலக்கம் போட்டிருக்கும். அந்த அளவு அழுத்தத்தை மூடி உள்ளேயே பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 115 பாகை தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது, உங்களுக்கு மிச்சமிருப்பது நாலே நாலு பாகை. வத்தளையில் இரண்டு வருடம் ஒரு குறையும் காட்டாமல் ஓடிய வண்டி ரம்பொடை ஏற்றத்திலும் ஹப்புத்தளை ஏற்றத்திலும் மட்டும் மக்கர் பண்ணுவது இதனால்தான்.

"இது குளிர் ஊர்தானே, தேர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுங்க" என்று ஆலோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு, கழற்றாதீர்கள். கழற்றினால் குளிர் காலையில் என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

நேற்று வந்த வண்டிக்கு எண்ணெய் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் முழுக்கப் பால் தேத்தண்ணி நிறத்தில் நுரை. எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். இந்த நிறத்தைக் கண்டாலே என் பையன்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றித் துடைத்து, நேர்ச்சட்டத்தை வைத்து அடியில் டோர்ச் அடித்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. அநேகமான சின்னக் கார்களுக்கு 0.05 மில்லிமீட்டர் வளைந்தாலே கூடாது, இதில் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஹெட்டுக்கு அடியில் வரும் கஸ்கட் எரிந்து கொம்ப்ரஷன், அதாவது என்ஜினுக்குள் பெட்ரோல் எரியத் தேவையான அழுத்தம், போய்விட்டது, அதனால்தான் ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெட்டரி இறங்கியிருந்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், இல்லையென்றால் 'டக் டக்' என்று அடிக்கும். வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் உடனே கையை எடுங்கள்.

இழுவை குறைவதெல்லாம் சூட்டினால்தான் என்று சொல்லவில்லை. பெட்ரோல் பில்டர் அடைத்திருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம், டாங்கியில் அடிமட்டத்தில் பெட்ரோல் இருந்தால் செங்குத்தில் பின்னால் ஒதுங்கிவிடவும் கூடும். 2022 பெட்ரோல் தட்டுப்பாட்டு வரிசைக் காலத்தில் கண்ட கண்ட கேன்களிலிருந்து ஊற்றிய பெட்ரோலின் மண்ணை நான் சில டாங்கிகளில் பிறகும் கழுவியிருக்கிறேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது சூடு. இந்தச் சின்னக் கார்கள் பலவற்றில் முள் காட்டும் மீட்டரே கிடையாது, நீல லைட்டும் சிவப்பு லைட்டும்தான். சிவப்பு வரவில்லையே என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் சென்சர் வெறும் காற்றில் நிற்கும், உண்மையைக் காட்டாது.

சரி, ஏற்றத்தில் இழுவை குறைகிறதா? அடுத்த ஊர் வரைக்கும் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் (அது என்ஜின் சூட்டைத்தான் இழுக்கும்) முழுதாகப் போட்டு, அகலமான இடம் பார்த்து ஒதுக்குங்கள். ஹேண்ட் பிரேக், சில்லுக்குப் பின்னால் கல், மூடுபனி இருந்தால் நாலு சிக்னலும். பிள்ளைகளை இறக்கி மண்மேட்டுப் பக்கம் நிறுத்துங்கள். என்ஜின் நின்ற வண்டியைப் பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணப் பார்க்கவே கூடாது. இரண்டு மிதியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும், ஓட்டோ கியர் வண்டி அப்படி ஸ்டார்ட் ஆகப்போவதும் இல்லை.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். என்னிடம் வேலை பழகிய ஒரு தம்பியின் முன்னங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அரை மணித்தியாலமாவது விடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் இன்னும் பொறுங்கள். ஆறிய பிறகு, வேறு வழியே இல்லையென்றால் பீலித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம், கராஜ் வரை வர மட்டும். அதையே வருடக்கணக்கில் ஊற்றுகிற தோட்டத்து அண்ணன்மாரே, உங்கள் ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே செங்கல் நிறத்தில் சேறுதான் இருக்கிறது. கூலன்ட் போடுங்கள்.

2020ல் வாகன இறக்குமதி நின்று 2025ல்தான் திறந்தது. நம்மிடம் ஓடுவதில் பெரும்பாலானவை வயதான வண்டிகள், ஹோஸும் ரப்பரும் காய்ந்தவை. மலைக்குப் புறப்படும் காலையில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் வாய் வரை இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் புது மூடி போடுங்கள், ஹெட் வேலையின் பில்லோடு பார்த்தால் அது ஒரு காசே இல்லை. கடைக்குப் போகும்போது பழைய மூடியைக் கையோடு கொண்டுபோய் அதே இலக்கத்தில் கேளுங்கள். 0.9க்கு 1.1 தந்து "இதுவும் சரிதான்" என்றால் வாங்காதீர்கள், காய்ந்த ஹோஸ் அந்த அழுத்தத்தைத் தாங்காது.