கனகாம்பரக் காய் மழைக்கு ஏன் வெடிக்கிறது?

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வாசலில் கனகாம்பரம் வைத்திருக்கிறோம். மழை வந்தால் காய்ந்த கதிரிலிருந்து படபடவென்று சத்தம். இடிச் சத்தத்துக்குத்தான் காய் வெடிக்கிறது என்கிறார் பாட்டி. உண்மையா?"

பாட்டி கவனித்தது சரி, மழையோடுதான் வெடிக்கிறது. ஆனால் இடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நன்றாகக் காய்ந்த கதிர் ஒன்றை ஒடித்து டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உச்சி வெயிலிலும் வெடிக்கும். ஊதாப் பூ பூக்கிற பட்டாசுக்காயும் இதே ரகம்தான். எச்சில் தொட்டு முன் பெஞ்சுப் பையனின் காலருக்குள் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அதேதான். இரண்டும் ஒரே குடும்பச் செடிகள். நம் சேர்வராயன் மலைக் குறிஞ்சியும் அந்தக் குடும்பமே.

எருக்கு காற்றில் பறப்பது, நாயுருவி வேட்டியில் ஒட்டுவது, ஆலம்பழம் பறவை வயிற்றில் போவது எல்லாம் பள்ளியில் படித்தவைதான். வெடிக்கிற காய்களிலும் ஆமணக்கு மாதிரி பலவும் வெயிலில் காய்ந்து வெடிப்பவை. கனகாம்பரமும் பட்டாசுக்காயும் காய்ந்த பிறகும் தண்ணீருக்காகக் காத்திருக்கின்றன.

காய் என்பது நீளவாக்கில் ஒட்டிய இரண்டு ஓடுகள். காயும்போது ஓட்டின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, அதனால் இரண்டு ஓடுகளும் வெளியே வளையப் பார்க்கின்றன, நடுவில் இருக்கும் தையல் விடுவதில்லை. நாணேற்றிய வில் மாதிரி அப்படியே முறுக்கேறி நிற்கிறது. இத்தனைக்கும் அது செத்துக் காய்ந்த ஓடு! தண்ணீர் பட்டதும் தையல் இளகுகிறது, பிளவு விழுந்த மறுகணம் ஓடுகள் விரிந்துவிடுகின்றன. விதை ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கொக்கி தாங்கிக்கொண்டிருக்கும். விதையைக் கவண் போல விசிறியடிப்பது அதுதான். வெடித்த ஓட்டைப் பிரித்துப் பாருங்கள், வரிசையாக வளைந்த முள் மாதிரி தெரியும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதற்கடுத்த கணம். பட்டாசுக்காயின் உறவுச்செடி ஒன்றை அமெரிக்காவில் பொமோனா கல்லூரிக்காரர்கள் அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2018-ல் வெளியிட்டார்கள். விதை நொடிக்கு 15 மீட்டர் வரை பாய்கிறது, அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் எந்தப் பேருந்தும் அந்த வேகத்தில் போகாது. போகும்போதே நொடிக்கு 1,660 சுற்று வரை பின்பக்கமாகச் சுழல்கிறது, நிமிடக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு லட்சம்! வட்டு மாதிரித் தட்டையான விதை அது. சுழலாவிட்டால் காற்றில் தாறுமாறாகப் புரண்டு பக்கத்திலேயே விழுந்துவிடும். சுழல்வதால், சுற்றுகிற பம்பரம் சாயாமல் நிற்பது போல, விளிம்பை முன்னே நீட்டியபடி காற்றைக் கிழித்துக்கொண்டு 7 மீட்டர் வரை போகிறது.

பொமோனா இளநிலைப் படிப்பு மட்டுமே உள்ள சின்னக் கல்லூரி. நம் ஊர்க் கல்லூரிகளிலும் தாவரவியல் துறை இருக்கிறது, இயற்பியல் துறை இருக்கிறது, செடி வளாகத்து வேலியோரத்திலேயே இருக்கிறது. கேமராவுக்கும் கொஞ்சம் நிதி ஒதுக்கினால் கனகாம்பரத்தை நம் பிள்ளைகளே அளந்துவிடுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, மழையில் எதற்கு வெடிக்க வேண்டும்? பட்டாசுக்காய் விதையை நனைத்து விரலில் எடுத்தால் தெரியும், சப்ஜா விதை மாதிரி வழவழப்பாகி ஒட்டிக்கொள்ளும். விதை மேல் படிந்திருக்கும் நுண்ணிய முடிகள் ஈரம் பட்டதும் ஊதிப் பசையாகின்றன. விழுந்த இடத்தில் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த மழை அடித்துக்கொண்டு போகாது, முளைக்கத் தேவையான ஈரமும் அங்கேயே கிடைக்கும்.

விதை வேண்டுமானால் காய்ந்த கதிரை வாளிக்குள் வைத்து, தண்ணீர் தெளித்து, மேலே துணி மூடுங்கள். உங்களுடையது டெல்லி கனகாம்பரம் என்றால் வாளி வேண்டாம், அது விதை பிடிக்காத ரகம், குச்சி ஒடித்துத்தான் நட வேண்டும். ஆனால் உங்கள் கதிர் படபடக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் நாட்டு ரகமாகத்தான் இருக்கும். பாட்டியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெளியுங்கள்.