வயிற்றுக் காசநோய்: "சளியில் கிருமி இல்லை" என்று திருப்பி அனுப்பினால்

இலங்கையில் அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோய் நுரையீரலில் இருக்கிறதா, குடலில் இருக்கிறதா என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது. விதி இவ்வளவுதான்.

மாதக்கணக்கில் வயிற்றுவலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, வயிற்றில் நீர் கோத்தல் என்று தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் அல்சர் மாத்திரையோ பூச்சி மருந்தோதான் கிடைக்கிறது. சந்தேகம் எழுந்தாலும், சளியையும் நெஞ்சு எக்ஸ்ரேயையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். வயிற்றுக் காசநோயாளிகள் பலருக்கு இவ்விரண்டும் குறையின்றியே இருக்கும்; ஆகவே அந்த முடிவோடு வீடு திரும்பாதீர்கள். வயிற்று ஸ்கேன், வயிற்று நீரில் ஏடிஏ பரிசோதனை (காசநோயில் கூடும் ஒரு நொதியத்தை அளப்பது), குடலிலிருந்தோ வயிற்றறையின் உள்ளுறையிலிருந்தோ எடுக்கும் தசைத்துணுக்கு (பயொப்சி) ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் நோய் உறுதியாகிறது. வயிற்று நீரில் ஜீன்எக்ஸ்பேர்ட் (கிருமியின் மரபணுவைத் தேடும் இயந்திரச் சோதனை) கிருமியைக் காட்டாவிட்டாலும் நோய் இல்லையென்று ஆகிவிடாது.

துணுக்கு எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்றுண்டு. எடுத்ததை முழுவதும் போர்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை செய்ய வழியில்லை. ஒரு பங்கைச் சேலைனில் தனியாக அனுப்பும்படி வைத்தியரிடம் சொல்லுங்கள். தவறவிட்டால் மீண்டும் வயிற்றில் கருவி நுழைக்க நேரலாம், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வளர்ப்புச் சோதனையின் முடிவுக்கு எட்டு வாரங்கள் வரை ஆகலாம். முகவரியில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் கடிதம் தோட்ட அலுவலகத்திலேயே தங்கிவிடும். லயன் அறை இலக்கத்தையும் தொலைபேசி எண்ணையும் கிளினிக் கொப்பியில் எழுதச் செய்து, முடிவை நேரில் கேட்டு வாங்குங்கள். முடிவு கேட்டுப் போனால் சத்திரசிகிச்சை வார்ட்டில் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தைக் காட்டுவார்கள். அங்கே போனால் வார்ட்டுக்கே திருப்பிவிடுவார்கள். யார் திருப்பினாலும், காரணத்தைக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதும்படி கேட்டவுடன் பல மறுப்புகள் தளர்ந்துவிடும்.

வருமானம் குறைந்த காசநோயாளிக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் வழியாக உதவித்தொகையும் உண்டு. கிராம அலுவலர் தோட்டத்துக் கடிதத்தைக் கேட்க, தோட்டம் கிராம அலுவலரின் கடிதத்தைக் கேட்க, வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையே முடிந்துவிடும். மருந்து தொடங்கும் வாரத்திலேயே நோயை உறுதிப்படுத்தும் கடிதத்தோடு பிரதேச செயலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.