காட்டைக் காக்கும் உரிமை: ‘சி’ படிவம் போடும் முன் கவனிக்க வேண்டியவை

மாசி பிறந்தால் போடி மலையில் புல் காய்ந்து மார்பளவு நிற்கும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு தீயிலும் மரம் வருஷக்கணக்கில் சேர்த்த கார்பனும் புகையாகிவிடும். பச்சைக்கொத்தோடு ஓடித் தீயை அடிக்கிற குடிகள், தீத்தடுப்புக் கோடு எங்கே வேண்டும் என்று சொன்னால் மட்டும் யாரும் கேட்பதில்லை. காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்கே கொடுக்கிறது.

இதற்கு ‘சி’ படிவம்தான். ‘ஏ’ தனி ஆளோ குடும்பமோ கேட்கும் வன நிலத்துக்கு, ‘பி’ தேன், மேய்ச்சல் போன்றவற்றுக்கு. கேட்டால் பாதி ஆபீஸில் ‘ஏ’யைத்தான் நீட்டுவார்கள். மனுவை ரேஞ்சரிடம் கொடுக்காதீர்கள். அது உங்கள் கிராமசபையின் வன உரிமைக் குழுவுக்குப் போக வேண்டியது. நான் கூடப் போன முதுவர் பழங்குடிப் பெரியவர் ஒருவரை மூன்று தடவை அலையவிட்டு, “ஃபைல் மேலே போயிருக்கு பெரியவரே” என்றார்கள். கையில் ரசீது இல்லை, என்ன கேட்பது? கொடுத்த அன்றே ஒப்புகை வாங்குங்கள்.

பெரிய கண்ணி கிராமசபைக் கூட்டத்தில்தான். உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்கள். இதை நடத்தாமல் பஞ்சாயத்துக் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டைக் காட்டி முடித்தால் பின்னால் உங்கள் தலையில்தான் விடியும். கேரளத்தின் வட்டவடை, மறையூர்ப் பக்கம் தீர்மானம் மலையாளத்தில் வந்தால் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத தாளில் கைநாட்டு வேண்டாம்.

ஆதாரம் ஒன்று போதாது. பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் செல்லும். செயற்கைக்கோள் படம் கூடுதல் சான்றுதான். அதில் தெரியவில்லை என்று தள்ள முடியாது. பழங்குடி அல்லாதவர்களிடம் 75 வருஷம் அதே நிலத்தைக் கையில் வைத்திருந்ததாகக் காட்டச் சொல்வார்கள். அது தேவையில்லை. மூன்று தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்து, காட்டை நம்பிப் பிழைத்ததைக் காட்டினால் போதும்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான். வாய்வார்த்தையை நம்பி உட்கார்ந்தால் அதுவும் ஓடிவிடும்.

அப்புறம், காட்டில் சேரும் கார்பனுக்குப் பணம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால், உரிமைப் பத்திரம் வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். பத்திரம் கிராமசபை பெயரில் வரும். சபைத் தீர்மானம் இல்லாமல் தலைவராக இருந்தாலும் கையெழுத்துப் போட வேண்டாம்.