கழுத்து கருத்த பிறகு மருந்து எதற்கு?

போன புரட்டாசியில் அஞ்செட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர் ராகிக் கதிர் நாலைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார். கதிரும் தண்டும் சேரும் கழுத்து கருத்து ஒடிந்து கிடந்தது. மேலே மணியே பிடிக்கவில்லை.

"எந்த மருந்து அடிக்கலாம் சார்?"

"இனி எதையும் அடிக்காதீங்கண்ணா."

அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் அதுதான் உண்மை. இது குலைநோய் என்னும் பூஞ்சை நோய். ராகியில் இலை, கழுத்து, கதிரின் விரல் என மூன்று இடத்தில் தாக்கும். மூன்றுக்கும் பூஞ்சை ஒன்றே. நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு என்று இலையில் கண் போல விழும் புள்ளியைப் பார்த்துத்தான் எல்லாரும் பதறுகிறோம். விளைச்சலை அதிகம் அழிப்பதோ கழுத்தில் வருவது. மணிக்குச் சத்து ஏறும் வழி அது. அங்கே திசு செத்துவிட்டால் எந்த மருந்தும் உயிர்ப்பிக்காது. அதனால் அடிப்பதா வேண்டாமா என்பதைக் கதிர் வெளிவராமல் இலை உறைக்குள் பொதியில் இருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

அந்த நேரத்தில் நான் விடியற்காலையில் ராகிக் கொல்லைக்குப் போவேன். வரப்போரம் நின்று பார்த்தால் ஏமாந்துபோவோம். மூலைக்கு மூலை நடந்து, இருபது இடத்திலாவது நின்று மேல் இலைகளைப் பார்ப்பேன். அடியிலுள்ள முதிர்ந்த இலையில் மட்டும் காய்ந்த புள்ளி, வெயிலும் நன்றாக அடிக்கிறது என்றால் மருந்துச் செலவு வேண்டாம் என்பேன். மேல் இலையில் புதுப்புள்ளி இருந்து, மூடிய வானமும் தூறலுமாக, ஒன்பது மணி வரை இலை ஈரம் காயவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. யூரியாவை அள்ளிப் போட்ட கொல்லையாக இருந்தால் கவலை இன்னும் கூடும். ஜிபியு 28 போல நோயைத் தாங்கும் ரகம் என்றால் சற்றுப் பொறுக்கலாம், கண்காணிப்பை மட்டும் விடக்கூடாது.

அடிப்பது என்று முடிவானால் கார்பென்டசிம் என்னும் பூஞ்சைக்கொல்லி, லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டு பதின்மூன்று தடவை. மானாவாரி மேட்டுக்குத் தண்ணீர் சுமப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். அதற்காக ஐந்து டேங்கோடு நிறுத்தி மருந்தை இரட்டிப்பாக்குவது தவறு. பாதிப் பயிர் நனையவே நனையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலை மஞ்சளானதெல்லாம் பூஞ்சை இல்லை. தழைச்சத்துக் குறைவு, சாறு உறிஞ்சும் பூச்சி இரண்டிலும் இலை மஞ்சளாகும். கடையில் கலந்து கொடுப்பதை வாங்கி அடிக்கும் முன், செடியை வேரோடு பிடுங்கி வேளாண் அலுவலரிடமோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள்.

அஞ்செட்டி அண்ணனிடம் கடைசியாக ஒன்று கேட்டுக்கொண்டேன். குலைநோய் விதை வழியாகவும் பரவும் என்பதால், அந்தக் கொல்லை ராகியை விதைக்கு எடுக்க வேண்டாம் என்றேன். அடுத்த பட்டத்துக்கு நல்ல விதை வாங்கி, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) கலந்து விதைக்கச் சொல்லி அனுப்பினேன்.