சொரசொரப்பு இருந்தால் பெயிண்ட் பிடிக்குமா?

சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும் என்று பலருக்கு ஒரு நம்பிக்கை. குழிகுழியாக இருக்கிறதே, பெயிண்ட் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளாதா என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் வேலை செய்கிற எனக்கு, தைப்பூசம் நெருங்கினாலே இந்த நம்பிக்கையின் விளைவு பக்கி என்று இங்கே சொல்லும் பிக்கப் வண்டிகளாக வாசலுக்கு வந்து நிற்கும். “அங்கிள், போன வாரம்தான் வீல் ஆர்ச்சுக்கு (சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் வளைவு) வண்டி கலரே அடிச்சேன். கார் வாஷ்ல பிரஷர் தண்ணி பட்டதும் உரிஞ்சிடுச்சு.”

உரிந்த ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கழன்று வரும். அதைத் திருப்பிப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் ஒவ்வொரு குழியும் உள்பக்கத்தில் அச்சாகப் பதிந்திருக்கும். பெயிண்ட் எல்லாக் குழியிலும் இறங்கத்தான் செய்தது. ஒட்டத்தான் இல்லை.

பக்கி ஹைலக்ஸோ ரேஞ்சரோ, வெளியே தெரியும் கறுப்பு பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் வகை. மெழுகுத் தன்மை கொண்டது. தண்ணீர் விட்டால் பரவாமல் திரண்டு உருண்டு ஓடும். பெயிண்டும் அதன்மேல் படர்ந்து பற்றாது. பாகத்தைக் கழற்றி முதுகுப்பக்கம் பார்த்தால் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே எழுத்து இருக்கும். பிபி (பாலிப்ரோப்பிலீனின் சுருக்கம்), அல்லது பிபி பிளஸ் இபிடிஎம் (ரப்பர் கலந்தது) என்றால் இந்த வகைதான். கூடவே டிடி20 என்று இருந்தால் 20 சதவீதம் டால்க் தூள் கலந்தது. ஏபிஎஸ் என்றிருந்தால் அது வேறு வகை பிளாஸ்டிக், நிம்மதி. அது பெயிண்டை நன்றாக ஏற்கும். ஒரு துண்டைச் சீவித் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பிபி என்று சொல்லும் வழக்கம் உண்டு. டால்க் கலந்த பிபி மூழ்கியும் போகும், அதனால் எழுத்தைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொரு வில்லன் பாலிஷ். இங்கே வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் சாம்பல் பூத்துவிடும். உடனே சிலிக்கான் கலந்த திரவத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவோம். அந்தச் சிலிக்கான் குழிகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அதைப் பரப்பி அழுத்தித் தேய்க்கிறோம் என்றுதான் அர்த்தம்; பெயிண்ட் அடித்ததும் பெயிண்ட் விலகி வட்ட வட்டமாக ‘மீன் கண்’ என்கிற குழிகள் விழும். ஆகவே முதலில் வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் பிரஷ். காய்ந்த பிறகு கிரீஸ் ரிமூவர்: ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். உப்புத்தாளை அப்புறம்தான் தொட வேண்டும்.

சரி, வழவழப்பாக்குவது? ஏபிஎஸ்ஸை 180, பிறகு 320 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கலாம். பிபியை அப்படித் தேய்த்தால் சூட்டில் பஞ்சு பஞ்சாக நூல் கிளம்பும். தேய்க்கத் தேய்க்க அசிங்கமாகும். பிளாஸ்டிக்கைத் தேய்த்துக் குறைப்பதை விட மேலே பிரைமரை ஏற்றிக் குழியை நிரப்புவதுதான் வழி. சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட்டால் மங்கலாக்கி, அடீஷன் புரமோட்டரை (பிளாஸ்டிக்கில் பெயிண்டை ஒட்டவைக்கும் திரவம்) மெல்லிசாக ஒரு கை அடியுங்கள். டின்னில் சொன்ன நேரத்துக்குள், வளைந்து கொடுக்கும் சேர்மானம் கலந்த கெட்டி பிரைமரை இரண்டு மூன்று கோட் ஏற்றுங்கள். தகரத்துக்குப் போடும் சாதாரண பட்டியை இங்கே கொண்டு வராதீர்கள். பிபியில் ஒட்டாது, வண்டி குலுங்கினால் வெடிக்கும். பிரைமர் காய்ந்ததும் கறுப்பு ஸ்ப்ரேயை மேலாகத் தூவி, கட்டையில் 400 தாள் சுற்றித் தேய்த்தால், கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே இன்னும் குழி இருக்கிறது. தேய்ப்பில் பிளாஸ்டிக் வெளியே தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்கு மறுபடியும் புரமோட்டர். பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். உரிதல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

என் கருத்தைக் கேட்டால், மிரர் கவர், கைப்பிடி, கிரில் இவற்றுக்கு அடியுங்கள். மண் ரோட்டில் ஓடும் பக்கியின் வீல் ஆர்ச்சை விட்டுவிடுங்கள். கல்லடியைத் தாங்கி மறைப்பதற்குத்தான் கம்பெனியே அதைச் சொரசொரப்பாக வைத்தது. பம்பரிலும் பார்த்து அடியுங்கள். பம்பருக்கு உள்ளே மறைவாக ரேடார் இருந்தால் கெட்டி பிரைமரும் மெட்டாலிக் பெயிண்டும் அதன் பார்வையைக் கெடுக்கலாம். பார்க்கிங் சென்சாரின் முகத்திலும் தடிமனாக ஏற்றக் கூடாது.

இனி மூச்சு விஷயம். ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலக்கும் 2கே கிளியரில், அதாவது கலருக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சில், ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. 2கே பிரைமர் பலவற்றிலும் உண்டு. அடியிலுள்ள பொத்தானை அழுத்தி ஹார்டனரைக் கலக்கும் ஸ்ப்ரே கேன்களும் அப்படித்தான். பெயிண்டர்களுக்கு வரும் தொழில்சார் ஆஸ்துமாவுக்கு இது முக்கியக் காரணம். ஒருமுறை உடம்பு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலே நெஞ்சு இறுகும். மருத்துவமனை மாஸ்க் இதற்கு உதவாது. கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கின் வடிகட்டி தீர்ந்துபோனால் மணத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, அதனால் பட்டறையில் வெளிக்காற்றைக் குழாயில் கொடுக்கும் முகமூடிதான் போடுகிறோம். வேலையாள் வைத்திருப்பவருக்கு மருத்துவக் கண்காணிப்பும் கடமை. தென்னாப்பிரிக்காவின் 2021 அபாய இரசாயன விதிகள் அதைக் கேட்கின்றன. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பல வீடுகளுக்குப் பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். கராஜில் 2கே அடித்தால் புகை அவர்கள் சமையலறைக்கும் போகும். கழுவுவது, தேய்ப்பது, பிரைமரைச் சமமாக்குவது இவற்றை வீட்டிலேயே செய்யுங்கள். தேய்க்கும்போது தூசி மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். 2கே பிரைமர், கலர், கிளியர் இவற்றை மட்டும் பூத் (பெயிண்ட் அடிக்கும் தனி அறை) உள்ள பட்டறையில் அடித்து வாங்குங்கள். கழற்றிய பாகத்தைத் தனியாகக் கொண்டுபோனால் கூலியும் குறையும். மாட்டிய பிறகு குறைந்தது ஒரு வாரம் பிரஷர் வாஷ் பக்கம் போக வேண்டாம்.